75 சதவீதம்: ஊக்கமருந்துச் சந்தேகமும் பேஸ்பால் புகழ் மண்டபமும் – ஒரு நிகழ்வு ஆய்வு

## எதைப் பற்றி

ஊக்கமருந்து எடுத்தவருக்கு விளையாட்டின் மிக உயர்ந்த மரியாதையைத் தரலாமா என்று கேட்டால், ‘கூடாது’ என்று நம்மில் பலர் யோசிக்காமலே சொல்லிவிடுவோம். அப்புறம்தான் கேள்விகள் ஒவ்வொன்றாக வரும். எடுத்தார் என்று யார் சொன்னது? சோதனையில் சிக்கினாரா? அப்போது அந்த மருந்துக்குத் தடை இருந்ததா? தடை இருந்தும் யாரும் சோதிக்கவே இல்லை என்றால்?

இத்தனை கேள்விகளும் ஒரே இடத்தில் வந்து குவிந்த நிகழ்வு, அமெரிக்க பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது புகழ் மண்டபத்தில், 2013 முதல் 2022 வரை நடந்த வாக்கெடுப்பு. இரண்டு வீரர்கள் பத்து முறை வாக்குச்சீட்டில் நின்று பத்து முறையும் தோற்றார்கள். இருவரையும் பேட்டர் (பந்தை அடிப்பவர்), பிட்சர் (பந்தை வீசுபவர்) என்றே இங்கே குறிப்பிடுகிறேன். விளையாட்டைப் பின்தொடர்பவர்களுக்கு யார் என்று உடனே தெரிந்துவிடும். ஆனாலும் ஆராய வேண்டியது முடிவெடுத்த முறையைத்தான் என்பதால், மற்றவர்களையும் பெயரில்லாமல் பதவியாலேயே சொல்கிறேன்.

## பின்னணி: மண்டபமும் அதன் விதியும்

நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்ற சின்ன ஊரில் இருக்கிறது இந்த மண்டபம். முதல் தேர்வு 1936இல் நடந்தது, கட்டடம் 1939இல் திறந்தது. லாப நோக்கமில்லாத தனி அமைப்பு இது. அமெரிக்காவின் உச்ச லீக்கான மேஜர் லீக் பேஸ்பாலின் ஒரு துறை என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை.

வாக்களிப்பவர்கள் பத்திரிகையாளர்கள். பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் தொடர்ந்து 10 ஆண்டு உறுப்பினராக இருந்தவருக்கு ஒரு சீட்டு. ஒரு வீரர் விளையாட்டை நிறுத்தி 5 ஆண்டு ஆன பிறகு அவர் பெயர் சீட்டில் ஏறும். ஒரு சீட்டில் அதிகபட்சம் 10 பெயருக்கு டிக் போடலாம். 75 சதவீதம் கிடைத்தால் மண்டபத்தில் வெண்கலப் பலகை, 5 சதவீதத்துக்குக் கீழே போனால் சீட்டிலிருந்தே நீக்கம்.

எதை வைத்து வாக்களிப்பது என்பதற்கு ஒரே ஒரு வாசகம் உண்டு. ஆட்டச் சாதனை, திறமை, நேர்மை, விளையாட்டுப் பண்பு, குணம், அணிக்குச் செய்த பங்களிப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்கிறது அது. ‘குணம்’ அதில் 1940களிலேயே சேர்ந்துவிட்டது. மருந்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

விதி எழுதத் தெரியாத அமைப்பு என்றும் சொல்ல முடியாது. சூதாட்டத்துக்காக 1989இல் ஆயுள் தடை பெற்ற ஒரு பெரிய வீரர் சீட்டில் ஏறும் காலம் நெருங்கியபோது, தடைப் பட்டியலில் இருப்பவர்களின் பெயர் சீட்டில் வராது என்று 1991இல் சட்டென்று ஒரு விதி போட்டார்கள். மருந்து விஷயத்தில் அப்படிப் போடவில்லை. இந்த நிகழ்வில் பின்னால் வந்த குழப்பம் அத்தனைக்கும் வேர் இங்கேதான் என்பது என் கணிப்பு.

## பின்னணி: சோதனை இல்லாத காலம்

1991இல் லீக்கின் தலைமை நிர்வாகியான அன்றைய கமிஷனர், தசை வளர்க்கும் மருந்தான ஸ்டீராய்டும் தடைக்குள் வரும் என்று அணிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சோதனை இல்லை, தண்டனை அட்டவணை இல்லை. வீரர்கள் சங்கத்தோடு ஒப்பந்தமும் இல்லை. காகிதத்தில் தடை இருந்தது, அவ்வளவுதான்.

1994இல் வேலைநிறுத்தம் வந்து இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸே ரத்தானது. ரசிகர்கள் வெறுத்துப் போனார்கள். அவர்களைத் திரும்ப இழுத்து வந்ததில் 1998ஆம் ஆண்டு ஹோம் ரன் போட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. (பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது ஹோம் ரன், கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி.) ஒருவர் 70 அடித்தார், இன்னொருவர் 66. அதற்கு முன் 37 ஆண்டுகளாக ஒரு சீசனின் அதிகபட்சம் 61.

அந்த ஆகஸ்டில் 70 அடித்தவரின் லாக்கர் தட்டில் ஆண்ட்ரோஸ்டீன்டையோன் என்ற, உடலில் ஆண் ஹார்மோனாக மாறக்கூடிய மாத்திரைப் பாட்டில் இருந்ததை ஒரு செய்தி நிறுவன நிருபர் கண்டு எழுதினார். அன்று அது கடையில் சாதாரணமாகக் கிடைத்த பொருள், பேஸ்பாலில் தடையும் இல்லை. ஆனாலும் திட்டு வாங்கியது நிருபர்தான். அடுத்தவர் லாக்கரை எட்டிப் பார்த்தார் என்று அந்த அணியே அவர் மேல் பாய்ந்தது. சக நிருபர்களிலும் பலர் அவருக்குத் துணை நிற்கவில்லை. அந்தக் கோடையைக் கொண்டாடி எழுதிய தலைமுறைதான் பிற்பாடு வாக்குச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு குணத்தை அளந்தது.

2003இல் பெயர் வெளியிடாத ஒரு சோதனை நடந்தது. 5 சதவீதத்துக்கு மேல் சிக்கினால் அடுத்த ஆண்டிலிருந்து தண்டனையோடு சோதனை என்று ஒப்பந்தம். எல்லை தாண்டியது, 2004இல் சோதனை நிலைத்தது. முதல் முறை சிக்கினால் 50 ஆட்டத் தடை என்ற கடுமை 2006 சீசனில்தான் வந்தது. களைப்பைப் போக்கிச் சுறுசுறுப்பூட்டும் ஆம்பெடமைனுக்கான சோதனையும் அந்த ஆண்டில்தான் தொடங்கியது. 1960, 70களில் உடைமாற்றும் அறைகளில் அந்த மாத்திரை சர்வசாதாரணமாகப் புழங்கியது என்பது அந்தக் காலத்து வீரர்களே சொன்ன விஷயம்.

## இருவரைப் பற்றித் தெரிந்தவை

பேட்டர் ஆட்டத்தை முடித்தபோது 762 ஹோம் ரன், 7 முறை லீக்கின் சிறந்த வீரர் விருது. 1998 முடிவதற்குள்ளேயே 400 ஹோம் ரன், 400 ஸ்டீல் (பந்து அடிபடாமலே அடுத்த தளத்துக்கு ஓடிப் பிடிப்பது) இரண்டையும் தாண்டிய முதல் ஆள் அவர். அந்த 7 விருதில் 3 அதற்கு முன்பே வந்தவை. அதாவது, அவர் மீதான சந்தேகம் தொடங்கும் காலத்துக்கு முன்னாலேயே மண்டபத்துக்குத் தகுதியான கணக்கு கையில் இருந்தது. 2001இல், 37 வயதைத் தொட்ட சீசனில், 73 ஹோம் ரன் அடித்தார். வேறு எந்த சீசனிலும் அவர் 50ஐத் தொட்டதில்லை.

செப்டம்பர் 2003இல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் ஒரு சத்துப்பொருள் நிறுவனத்தில் மத்திய அதிகாரிகள் ரெய்டு நடத்தினார்கள். மருந்துச் சோதனைகளில் தெரியாதபடி வடிவமைத்த ஸ்டீராய்டை அங்கே விநியோகித்தது வெளியே வந்தது. டிசம்பரில் பேட்டர் கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடரலாமா என்று முடிவுசெய்யும் குடிமக்கள் குழு) முன் சாட்சி சொன்னார். பயிற்சியாளர் கொடுத்த திரவத்தையும் களிம்பையும் பயன்படுத்தியது உண்மை, ஆளிவிதை எண்ணெய், மூட்டுவலிக் களிம்பு என்று நினைத்தேன் என்பது அவர் பதில். பொய்ச்சாட்சியம் என்று 2007இல் குற்றப்பத்திரிகை வந்தது. 2011இல் ஜூரி பொய்ச்சாட்சியக் குற்றச்சாட்டுகளில் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை, நீதிக்கு இடையூறு செய்தார் என்ற ஒன்றில் மட்டும் குற்றவாளி என்றது. அதுவும் ஏப்ரல் 2015இல் மேல்முறையீட்டில் ரத்தானது.

பிட்சருக்கு 354 வெற்றி, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது 7 முறை. 2007 டிசம்பரில் லீக் நியமித்த முன்னாள் செனட்டரின் விசாரணை அறிக்கை வந்தது. 409 பக்கம், 89 வீரர்களின் பெயர். அதில் பிட்சருக்கு ஊசி போட்டதாகச் சொன்னவர் அவருடைய முன்னாள் பயிற்சியாளர். பிட்சர் நாடாளுமன்றக் குழு முன் மறுத்தார், அது பொய் என்று வழக்கு வந்தது. பயிற்சியாளர் ஊசியையும் பஞ்சையும் ஒரு காலி பீர் கேனில் போட்டு ஆண்டுக்கணக்கில் பத்திரப்படுத்தி வைத்திருந்து சாட்சியாகக் கொடுத்தார். குப்பையைக் கலந்து வைத்துக்கொண்டு ஆதாரம் என்கிறார்கள் என்றது எதிர்த்தரப்பு. ஜூன் 2012இல் ஆறு குற்றச்சாட்டிலிருந்தும் பிட்சர் விடுதலை.

கவனிக்க வேண்டியது, லீக்கின் மருந்து விதியின் கீழ் இருவரும் ஒரு நாள்கூடத் தடை பெற்றவர்கள் இல்லை. சாட்சியங்களைப் படிக்கும் யாருக்கும் சந்தேகம் வராமலும் இருக்காது. எனக்கும் வந்தது, இன்னும் இருக்கிறது.

இருவரும் கடைசியாக ஆடியது 2007இல். பேட்டர் இன்னும் ஆட விரும்பினார், எந்த அணியும் கூப்பிடவில்லை.

## முதல் வாக்கெடுப்பு, ஜனவரி 2013

மண்டபம் வழிகாட்டுதல் ஏதும் தரவில்லை. வாசகம் இருக்கிறது, மனசாட்சிப்படி போடுங்கள் என்று விட்டுவிட்டது. 569 சீட்டு வந்தது. தேவை 427. பிட்சருக்கு 214, பேட்டருக்கு 206. எழுத்தாளர்கள் அந்த ஆண்டு ஒருவரையும் தேர்ந்தெடுக்கவில்லை, 1996க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. அந்த ஜூலையில் விழா மட்டும் நடந்தது. வேறொரு குழு தேர்ந்தெடுத்த மூவருக்குப் பலகை திறந்தார்கள், மூவருமே 1930களில் இறந்தவர்கள்.

வாக்காளர்கள் எழுதி வெளியிட்ட காரணங்களைப் படித்தால் பல தரப்பு தெரியும். மருந்து எடுத்தவர் யாராக இருந்தாலும் கூடாது என்பவர்கள் ஒரு பக்கம். சோதனையில் சிக்காதவரைத் தண்டிக்க நாங்கள் நீதிபதியா என்பவர்கள் மறுபக்கம். 1998க்கு முந்தைய கணக்கை மட்டும் வைத்து உள்ளே விடலாம் என்றும் சிலர். முதல் ஆண்டு போடமாட்டேன், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று ஒரு ரகம், இது எனக்குப் புரியவே இல்லை. குணம் ஓராண்டில் திருந்திவிடுமா என்ன?

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல். அதே ஜூலை 2013இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஐசிசி ஹால் ஆஃப் ஃபேம் ஒரு ஆஸ்திரேலிய லெக் ஸ்பின்னரைச் சேர்த்துக்கொண்டது. 2003 உலகக் கோப்பைக்கு முன் சோதனையில் சிக்கி ஓராண்டுத் தடை அனுபவித்தவர் அவர். சிக்கியது சிறுநீர் பெருக்கி மாத்திரை, தசை வளர்க்கும் மருந்து இல்லை. ஆனால் ஸ்டீராய்டை மறைக்க உதவும் என்பதால்தான் அதற்குத் தடையே. இளைத்துத் தெரிய அம்மா கொடுத்த மாத்திரை என்றார் அவர். தண்டனை முடிந்தது, கணக்கும் முடிந்தது என்று கிரிக்கெட் நகர்ந்துவிட்டது. பேஸ்பாலில் ஒரு தடைகூடப் பெறாதவர்கள் வெளியே நின்றார்கள்.

## எண்கள் ஏறிய விதம்

முதல் மூன்று ஆண்டுகள் இருவரும் 34 முதல் 38 சதவீதத்துக்குள்ளேயே கிடந்தார்கள். 2014 ஜூலையில் மண்டபம் ஒரு மாற்றம் செய்தது. சீட்டில் இருக்கக்கூடிய காலம் 15 ஆண்டிலிருந்து 10ஆகக் குறைந்தது. மருந்துக்காலத்து வீரர்களைச் சீக்கிரம் சீட்டிலிருந்து இறக்கத்தான் இது என்று பலர் எழுதினார்கள். உள்நோக்கம் எதுவாக இருந்தாலும் விளைவு அதுதான். 70 ஹோம் ரன் அடித்தவர் 2010இல் தானாக முன்வந்து ஒப்புக்கொண்டவர். 23.5 சதவீதத்தில் தொடங்கிய அவர் 2016இல் 12.3 சதவீதத்தோடு பட்டியலிலிருந்து போய்விட்டார். ஒப்புக்கொண்டவருக்குக் கிடைத்ததும், மறுத்தவர்களுக்குக் கிடைத்ததும் வேறு வேறு என்பதை வீரர்கள் கவனிக்காமல் இருந்திருப்பார்களா?

2015இல் இன்னொரு மாற்றம். 10 ஆண்டுக்கு மேல் களத்திலிருந்து விலகிய நிருபர்களின் வாக்குரிமை போனது. 549 சீட்டு அடுத்த முறை 440 ஆனது. வயதானவர்கள் விலக, இளையவர்கள் வர, பேட்டர் 36.8இலிருந்து 44.3க்கு ஏறினார். அந்த இடைவெளியில் அவருடைய தண்டனை ரத்தானதும் உதவியிருக்கலாம். ஆனால் 2012லேயே விடுதலையாகிவிட்ட பிட்சரும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறினார். வாக்காளர்கள் மனம் மாறியதைவிட வாக்காளர்களே மாறியதுதான் பெரிய காரணம் என்று தோன்றுகிறது.

டிசம்பர் 2016இல் நடந்தது இந்தக் கதையின் திருப்பம். ஸ்டீராய்டு காலம் முழுக்க கமிஷனராக இருந்தவரை 16 பேர் கொண்ட ஒரு தனிக்குழு 15 வாக்கோடு மண்டபத்துக்குத் தேர்ந்தெடுத்தது. சில நிருபர்கள் அன்றோடு நிலை மாறினார்கள். மேற்பார்வை பார்த்தவருக்குப் பலகை உண்டு, அவர் கண்ணெதிரே ஆடியவருக்கு இல்லையா என்பது அவர்கள் கேள்வி. அடுத்த மாதம் பேட்டர் 53.8, பிட்சர் 54.1. பாதியைத் தாண்டிவிட்டார்கள், இனி தானாக ஏறும் என்று பலர் கணித்தார்கள்.

ஏறவில்லை. நவம்பர் 2017இல் மண்டபத்தின் துணைத் தலைவர் எல்லா வாக்காளர்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பினார். அவரே முன்னாள் வீரர், மண்டபத்தில் பலகை உள்ளவர். சோதனையில் சிக்கியவர், ஒப்புக்கொண்டவர், 2007 விசாரணை அறிக்கையில் பயன்படுத்தியவராகக் காட்டப்பட்டவர் ஆகிய மூவகையினரும் உள்ளே வரக்கூடாது என்றது கடிதம். பல உறுப்பினர்கள் அப்படி நினைக்கிறார்கள் என்றும் சொன்னது. இந்தக் கடிதத்தில் எனக்கு மரியாதை உண்டு. மருந்தைத் தொடாமல் ஆடி, அதனாலேயே விருதும் சம்பளமும் இழந்தவர்களின் தரப்பை அது நேரடியாகச் சொன்னது, மற்ற வாதங்களில் அவர்கள் காணாமல் போயிருந்தார்கள். குறை வேறு இடத்தில். அளவுகோலை நிர்வாகி ஒருவர் கடிதத்தில் எழுதுகிறார், நிர்வாகம் அதை விதியாக்கவில்லை. ஐந்தாண்டு வாக்கெடுப்பு முடிந்த பிறகு வந்த கடிதம் வேறு. எண்கள் அதன் பிறகு ஆண்டுதோறும் மெதுவாகத்தான் நகர்ந்தன.

இதற்கிடையே சீட்டுகளை எல்லாம் பகிரங்கமாக்க எழுத்தாளர் சங்கம் பெரும்பான்மையோடு தீர்மானம் போட்டது. மண்டபம் ஏற்கவில்லை. தன் சீட்டைத் தானாக வெளியிட்டவர்களிடம் இருவருக்கும் ஆதரவு அதிகமாகவும், வெளியிடாதவர்களிடம் குறைவாகவும் இருந்தது ஆண்டுதோறும் தெரிந்தது. காரணம் கேட்க முடியாத இடத்தில்தான் இருவரும் அதிகம் இழந்தார்கள்.

## கடைசி ஆண்டு, 2022

394 சீட்டு, தேவை 296. பேட்டருக்கு 260, பிட்சருக்கு 257. பத்தாண்டுக் கணக்கு அதோடு முடிந்தது.

அன்று தேர்வானவர் ஒருவரே. 541 ஹோம் ரன் அடித்தவர், களத்தில் பந்து பிடிக்காமல் பேட்டிங் மட்டும் செய்யும் இடத்தில் ஆடியவர், 307 வாக்கு, முதல் முயற்சியிலேயே. 2003இல் நடந்த அந்தப் பெயர் வெளியிடாச் சோதனையில் சிக்கியவர்களில் இவரும் உண்டு என்று 2009இல் ஒரு நாளிதழ் செய்தி வெளியிட்டிருந்தது. அந்தப் பட்டியலின் சில முடிவுகளில் அறிவியல் ரீதியான சந்தேகம் உண்டு, அதை வைத்து யாரையும் எடைபோடக் கூடாது என்று புதிய கமிஷனர் 2016இல் சொன்னார். நியாயமான பேச்சுதான். ஆனால் இவர் நிருபர்களிடம் சிரித்துப் பேசுபவர், பேட்டர் நிருபர்களைக் கண்டாலே முகத்தைத் திருப்புபவர் என்பதும் ஊரறிந்த விஷயம். விதி இல்லாத இடத்தில் இதுவும் எடைத்தட்டில் ஏறத்தான் செய்யும்.

## குழுவின் கையில்

எழுத்தாளர்கள் கைவிட்டவர்களைப் பரிசீலிக்க 16 பேர் கொண்ட குழு ஒன்று உண்டு. மண்டபத்தில் பலகை உள்ள வீரர்கள், நிர்வாகிகள், ஊடகத்தார் அதில் இருப்பார்கள். 12 வாக்கு வேண்டும், ஒருவர் அதிகபட்சம் 3 பேருக்குத்தான் போடலாம். டிசம்பர் 2022இல் இருவருக்கும் நான்கு வாக்குகூடக் கிடைக்கவில்லை. 16க்கு 16 வாங்கியவர் 493 ஹோம் ரன் அடித்த ஒருவர். மருந்துச் சந்தேகம் தன் மேல் விழாதவர், எழுத்தாளர்களிடம் பத்தாண்டு நின்றும் 40 சதவீதத்தைத் தாண்டாதவர். மற்றவர்களின் 60, 70க்கு முன் அவருடைய 30கள் சின்னதாகத் தெரிந்ததுதான் காரணம். குழு சொன்ன பதில் இதைவிடத் தெளிவாக இருக்க முடியாது.

டிசம்பர் 2025இல் மீண்டும் இருவரும் ஐந்துக்குக் குறைவு. அந்த ஆண்டு புதிதாக வந்த விதிப்படி, ஐந்து வாக்குக்குக் குறைந்தவரின் பெயர் அடுத்த சுற்றில் வராது, இன்னொரு முறையும் அப்படியானால் பிறகு எப்போதும் வராது. அந்த முறை 14 வாக்கோடு தேர்வானவர் பேட்டரின் பழைய அணித்தோழர். 2002இல் ஆட்டத்துக்கு நடுவே, கேமரா பார்க்க, வீரர்கள் உட்காரும் டக்அவுட்டில் பேட்டரோடு தள்ளுமுள்ளு செய்தவர்.

பேட்டர் மண்டபத்தில் இல்லை, அவர் அடித்த பந்து இருக்கிறது. மேஜர் லீக் சாதனையை உடைத்த 756ஆவது ஹோம் ரன் பந்தை ஒரு ஆடை வடிவமைப்பாளர் ஏழரை லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார். என்ன செய்யலாம் என்று இணையத்தில் வாக்கெடுப்பு வைத்து, அதன்படி பந்தில், சாதனையில் சந்தேகம் உண்டு என்று காட்டும் ஒரு நட்சத்திரக் குறியைப் பதித்து 2008இல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். மண்டபம் வாங்கிக்கொண்டது.

## என்ன மாற வேண்டும்

மண்டபம் விதி எழுத வேண்டும், அதில் தேதி இருக்க வேண்டும். 2004இல் தண்டனையோடு சோதனை வந்த பிறகு சிக்கித் தடை பெற்றவரின் பெயர் சீட்டில் ஏறக்கூடாது. விதி தெரியும், தண்டனை தெரியும், அதன் பிறகும் எடுத்தார். சூதாட்டத்துக்கு 1991இல் போட்டது போல ஒரு வரி போதும். அதற்கு முந்தையவர்களை ஆட்டக் கணக்கை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ஏனென்றால் அந்தக் காலத்தில் யார் எடுத்தார், யார் எடுக்கவில்லை என்று பிரித்துச் சொல்ல ஒருவராலும் முடியாது. ஏற்கெனவே பலகை உள்ளவர்களிலும் யாரும் எடுக்கவில்லை என்று உறுதி சொல்ல ஆளில்லை.

இப்படிச் செய்தால் பேட்டரும் பிட்சரும் உள்ளே வந்துவிடுவார்கள். மருந்தைத் தொடாதவர்களுக்கு அது வலிக்கும், அந்த வலி நியாயமானது. அதற்கு ஈடாக நான் கேட்பது பலகையில் முழு விவரம். 762 என்ற எண்ணுக்கு அடியிலேயே 2003 சாட்சியம், 2011 தீர்ப்பு, 2015 ரத்து மூன்றும் ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும். பிட்சருக்கு விசாரணை அறிக்கையும் விடுதலையும். வெண்கலத்தில் அவமானத்தையும் வார்ப்பதா என்று கேட்பார்கள். அருங்காட்சியகம் வைத்திருக்கும் பந்தில் அது ஏற்கெனவே பதிந்துதானே இருக்கிறது.

சீட்டும் பகிரங்கமாக வேண்டும். மறைவில் குணத்தை அளப்பவரிடம் எப்படி அளந்தீர்கள் என்று கேட்க வழியில்லை.

அவசரம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. மருந்து விதியை மீறியதற்காக 2014 சீசன் முழுக்கத் தடை பெற்ற ஒருவர், 696 ஹோம் ரன் அடித்தவர், 2022இல் 34.3 சதவீதத்தோடு சீட்டில் ஏறியிருக்கிறார். சந்தேகம் என்று சொல்ல அவர் விஷயத்தில் எதுவும் இல்லை, எல்லாம் ஆவணத்தில் இருக்கிறது. ஆனால் அவருக்கும் இன்றுவரை அதே பழைய வாசகம்தான் அளவுகோல். தேர்வாகாமல், குறைந்தபட்சமான 5 சதவீதம் மட்டும் கிடைத்துக்கொண்டே இருந்தால் அவர் பெயர் 2031 வரை சீட்டில் இருக்கும்.